கெண்டிமலை திரும்பிய பன்னிரண்டு நாள்

தை மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பதினோரு மணிக்கு, வாகைப்பட்டி சுருளியம்மா தன் பதினோரு மாசத்து மகள் பொம்மிக்குக் கேழ்வரகுக் கூழை ஊதி ஊதி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வாசலுக்கு எதிரே ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த கெண்டிமலை, மேலே இருந்த செல்போன் டவரோடும் காளியம்மன் கோயிலோடும் கோயில் படியில் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பொம்பளைகளோடும், வலது பக்கமிருந்து இடது பக்கமாக டவுன் பஸ் வேகத்தில் திரும்பிப் போயிற்று. சுருளி முதலில் தனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்துக் கண்ணை இறுக மூடித் திறந்தாள். பொம்மி மலையைப் பார்த்தபடி வாயைத் திறந்தது திறந்தபடியே இருந்தது. கோயில் கண்ணை விட்டு மறைவதற்குள் ஒரு கிண்ணம் கூழும் உள்ளே போய்விட்டது. தினமும் ஒரு மணி நேரம் எடுக்கிற வேலை அது. அதனால் முதல் நாள் சுருளிக்கு மலைமேல் கோபமே வரவில்லை.

விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. அன்று காலையில் கோயம்புத்தூரிலிருந்து இருபத்திரண்டு பேர் சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வாகைப்பட்டியில் இறங்கினார்கள். தலையில் பாதி உரித்த தேங்காய் மாதிரி ஒரு தொப்பி, தொடையோடு தொடையாக ஒட்டிய டவுசர், பெடலோடு சேர்த்துப் பூட்டிக்கொள்கிற செருப்பு. டவுசரைப் பார்த்ததும் குழாயடியில் நின்ற பெண்களெல்லாம் ஒரே நேரத்தில் குடத்துக்குள் எதையோ தேடினார்கள். கெண்டிமலையைச் சுற்றி வருகிற ரோடு அறுபது கிலோமீட்டர். அதை ஒரே மூச்சில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது அவர்கள் ஏற்பாடு. இருபத்துமூன்றாவது ஆளாகக் கூட வந்தவன் சுருளியின் அண்ணன் வைரவன். கோயம்புத்தூரில் சைக்கிள் கடையில் மெக்கானிக். வழியில் செயின் கழன்றால் மாட்டிவிட, பஞ்சர் ஆனால் ஒட்டிவிட அவனையும் அழைத்திருந்தார்கள். அவனுக்கும் ஒரு மஞ்சள் பனியன் கொடுத்து, பட்டியலில் கடைசியாக அவன் பெயரையும் எழுதியிருந்தார்கள். அவன் பெயரை ரேஷன் கார்டுக்கு வெளியே எங்கேயாவது எழுதியது அதுதான் முதல் தடவை.

குழுவுக்குத் தலைவர் ஞானதீபன் என்ற பல் டாக்டர். எல்லோரும் அவரைக் கேப்டன் என்றார்கள். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கொடியிலிருந்து கிளம்பிக் கொடிக்கு வந்துதான் காலைத் தரையில் ஊன்ற வேண்டும், நடுவில் எவன் கால் மண்ணில் படுகிறதோ அவன் பெயர் பட்டியலில் இருக்காது. கொடியை பஸ் ஸ்டாப்பில் நட்டிருக்கலாம், பால் சொசைட்டி வாசலில் நட்டிருக்கலாம். போட்டோவில் அழகாக வரும் என்று ஓடையைத் தாண்டிப் போய், மலையடிவாரத்து யானைப்பாறைமேல் நட்டார்கள். மலை எங்கேயும் போகாது என்கிற நம்பிக்கை டவுன்காரர்களுக்கு உண்டு.

ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் வரைக்கும் மலை பொறுத்துக்கொண்டது. மிச்சமிருந்தது இரண்டு கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டரும் மலையின் முதுகுப் பக்கம். ஆள் நடமாட்டமில்லாத கருவேலங்காட்டுப் பக்கம். இருபத்துமூன்று பேர் ஒருவர் பின் ஒருவராகச் சத்தம் காட்டாமல் அந்த வளைவில் நுழைந்ததும் மலை அவர்கள் பக்கம் திரும்பியது. அவர்கள் போகப்போக அதுவும் கூடவே திரும்பிக்கொண்டே போயிற்று. கொடி கண்ணுக்கு எதிரே செக்கச்செவேலென்று தெரிந்தது. இரண்டு கிலோமீட்டர்தான். அடுத்த ஊர் வந்தது, அதற்கடுத்த ஊர் வந்தது, வாகைப்பட்டியே இன்னொரு தரம் வந்தது. கொடி மட்டும் அதே இரண்டு கிலோமீட்டர் தள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தது.

முதல் நாள் சாயங்காலம் சுருளி வீட்டு வாசலைக் கடக்கும்போது வைரவன் கையை ஆட்டி, "இந்தா, ரெண்டே கிலோமீட்டர்தான்த்தா, வந்துர்றேன். கறிக்கொழம்பு வச்சிரு," என்று சொல்லிவிட்டுப் போனான். சுருளி வைத்தாள். மறுநாள் காலையில் கடக்கும்போதும், "ரெண்டே கிலோமீட்டர்தான்," என்றான். கறிக்குழம்பை சுருளியின் வீட்டுக்காரன் போஸ் சாப்பிட்டிருந்தான்.

ஒரு மலை சுற்றிக்கொண்டிருந்தால் ஊர் என்ன செய்யும். முதல் நாள் வாயைப் பிளந்தது, இரண்டாம் நாள் பேசியது, மூன்றாம் நாள் அதற்குத் தகுந்தபடி வேலையை மாற்றிக்கொண்டது. டவர் மலையோடு போய்விட்டதால் போனுக்கு சிக்னல் ஊர் ஊராக வந்துபோயிற்று. வாகைப்பட்டிக்குக் காலை ஏழிலிருந்து ஒன்பதே முக்கால் வரை, சாயங்காலமும் அதே கணக்கு. அந்த நேரத்தில் ஊரே வாசலில் நின்று ஒரே சமயத்தில் போன் பேசியதால் யார் வீட்டுச் சண்டை யார் காதில் விழுகிறது என்றே தெரியாமல், ஒருத்தி தன் மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு மருமகள் பதில் சொன்னாள். சைக்கிள்காரர்கள் களைத்து வேகம் குறைந்ததும் மலையும் வேகம் குறைந்து, நாலாம் நாளிலிருந்து மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. அப்போது ஆட்கள் ஓடையில் இறங்கி, அடிவாரத்தில் தோதாக ஒரு பாறை வரும்போது காலை வைத்து ஏறிக்கொண்டு, அடுத்த ஊரான நத்தமேடு வந்ததும் இறங்கிச் சந்தைக்குப் போனார்கள். சாயங்காலம் வேறொரு பாறையில் ஏறி வந்தார்கள். பஸ்ஸைவிட நேரம் தவறாமல் வருகிறது, நின்றுகொண்டு வர வேண்டியதில்லை, கோழியைக் கூடக் கொண்டுவரலாம் என்று மலைக்கு நல்ல பெயர் கிடைத்தது. காளியம்மன் கோயில் படி எந்த ஊருக்கு எதிரே வருகிறதோ அந்த ஊர்தான் அன்றைக்குப் பொங்கல் வைக்க வேண்டும் என்று பூசாரி ஒரு முறை போட்டார். எட்டு ஊரில் பொங்கல் சாப்பிட்டுப் பூசாரிக்கு வேட்டி இடுப்பில் நிற்கவில்லை.

சைக்கிள்காரர்களையும் ஊர்கள் பங்கு போட்டுக்கொண்டன. வாகைப்பட்டி இட்லி, நத்தமேடு லெமன் சாதம், அதற்கடுத்த ஊர் சுக்குக் காப்பி. பைகளில் கட்டி, கூடவே ஓடி, ஹேண்டில்பாரில் மாட்டிவிட வேண்டும். பக்கத்து ஊர்ச் சட்னியைப் பற்றி அவர்கள் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிட்டால் மறுநாள் வாகைப்பட்டிச் சட்னியில் தேங்காய் கூடியது. தூக்கம் வந்தால் நடுவில் ஒருவன் கண்ணை மூடிக்கொள்வான், இரண்டு பக்கமும் இருக்கிறவர்கள் தோளைக் கொடுத்து ஓட்டிக்கொண்டு போவார்கள். ஊர் நாவிதர் டிவிஎஸ்ஸில் பின்னால் உட்கார்ந்து கூடவே போய்க் கேப்டனுக்குச் சவரம் செய்துவிட்டார், ஒரு பக்கம் வாகைப்பட்டியில், மறுபக்கம் நத்தமேட்டில். இவ்வளவு மிதித்தும் அவர்கள் இளைக்கவில்லை, தொப்பைதான் வைத்தது. டவுசரைப் பார்த்து ஒருவரும் இப்போது குடத்துக்குள் தேடவில்லை. சில பேருக்கு அது பின்பக்கம் கிழிந்திருப்பதைப் பெண்களே கூப்பிட்டுச் சொன்னார்கள்.

மலை ஏன் திரும்புகிறது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கொடி நட்டது பிடிக்கவில்லை என்றார் ஒருவர். டவர் வைத்ததிலிருந்தே அதற்குத் தலை கிறுகிறுப்பு என்றார் ஒருவர். கிராம நிர்வாக அலுவலர் வந்து பார்த்து, வரைபடத்தையும் மலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வரைபடம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

சுருளி யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் நாளே தெரிந்துவிட்டது. சுருளிக்கு ஆட்களைக் கண்டால் கூச்சம். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதே வாசிக்கச் சொல்லி எழுப்பி நிறுத்தியதால்தான். வீட்டுக்கு யாராவது வந்தால் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பதில் சொல்வாள். எல்லாவற்றிலும் பெரிய கஷ்டம் ரோட்டில் நடக்கும்போது பின்னால் யாராவது வருவது. பிடரியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். செருப்பு வாரைச் சரிசெய்கிற மாதிரி குனிவாள், வேலியில் ஏதோ பூ இருக்கிற மாதிரி திரும்புவாள், வருகிறவர்கள் தாண்டிப் போகும்வரை அவர்கள் பக்கமாகவே மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டு நிற்பாள். மலை செய்வதும் அதேதான். இத்தனைக்கும் அதன் முதுகில் மறைக்க ஒன்றுமில்லை. தினமும் இரண்டு தரம் ஊரைக் கடக்கும்போது எல்லோரும் பார்த்தார்கள். ஒரு மொட்டைப் பாறை, நீளமாக ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். சுருளி முதுகிலும்தான் ஒன்றுமில்லை. அதற்காகப் பின்னால் வரலாமா.

இதையெல்லாம் நினைத்துச் சிரித்துக்கொண்டு இருந்திருப்பாள். பொம்மிக்குக் காதுகுத்து வைத்திருந்தது. அதுதான் சிரிக்க விடவில்லை.

பன்னிரண்டாம் நாள் வியாழக்கிழமை, ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பத்திரிகை அடித்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று, கோமதிநாயகம் ஆசாரிக்கு வெற்றிலை பாக்கு வைத்தாயிற்று. பிள்ளைக்குக் காது குத்துவது தாய்மாமன் மடியில். தங்கக் கம்மல் தாய்மாமன் சீர். சுருளிக்கு அப்பா அம்மா இல்லை. பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்ததெல்லாம் வைரவனும் அவன் மடியும்தான். கம்மலை அவன் இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தான்.

போஸின் அக்கா நாச்சம்மா எட்டாம் நாளே பெட்டியோடு வந்து இறங்கிவிட்டாள், கூடவே அவள் வீட்டுக்காரர் தவசி. இறங்கியதும் மலையைப் பார்த்தாள், மடியில்லாத மாமனைப் பற்றி விசாரித்தாள்.

"ஏண்டி சுருளி, உங்கண்ணன் வருவானா, இல்ல இப்படியே வாசல்ல கையாட்டிக்கிட்டுப் போயிருவானா?"

"வந்துரும் மதினி," என்றாள் சுருளி கதவுக்குப் பின்னாலிருந்து.

"வந்துரும் வந்துரும்னு எட்டு நாளாச்சு. இந்தா இருக்காருல்ல எங்க வீட்டுக்காரரு. ஓம் புருசனுக்கு மச்சான்னா ஒனக்கு அண்ணன் மொறதானே? ஒனக்கு அண்ணன்னா புள்ளைக்கு மாமன்தானே? அவரு மடியில குத்திக்கிருவோம். நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே?"

தப்பாகத்தான் சொல்கிறாள் என்று சுருளிக்குத் தெரியும், ஆனால் எந்த இடத்தில் தப்பு என்று எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. முறை சரியாகத்தான் இருந்தது. ஒரு தடவை ஒரு மடியில் உட்கார்த்திவிட்டால் பிறகு சடங்குக்கும் அந்த மடிதான், கல்யாணத்துக்கும் அந்தக் கைதான். வைரவன் வந்தால் பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டியதுதான். தவசி பேசாத மனுஷர். பேசாமலே வேட்டியை இஸ்திரி போட்டு எடுத்து வைத்துக்கொண்டு, தலையணையை மடியில் உட்கார வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

போஸிடம் கேட்டாள். "ஏங்க, நீங்க ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"யாருகிட்ட? எங்கக்காகிட்டயா, மலைகிட்டயா?" என்றான் போஸ். ஒரு தரம் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, "ரெண்டுல மலை தேவல," என்றான்.

பதினொன்றாம் நாள் சாயங்காலம் சுருளி பொம்மியை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ரோட்டுக்கே வந்து நின்றாள். சைக்கிள்காரர்கள் வந்தார்கள். முதலில் கேப்டன், கண் கைக்கடிகாரத்தில். அதில் எத்தனை கிலோமீட்டர், நெஞ்சு எத்தனை தரம் துடித்தது எல்லாம் தெரியுமாம். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அப்படியே, ஒன்று கடிகாரம், இல்லையென்றால் முன்னால் போகிறவனின் பின்சக்கரம். கடைசியில் வைரவன். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பக்கத்துச் சைக்கிளின் செயினை மாட்டிக்கொண்டே வந்தான். சுருளி கூடவே நடந்தாள். இப்போதெல்லாம் நடந்தாலே போதும்.

"அண்ணே, எறங்கிருண்ணே. நாளைக்குக் காதுகுத்து."

"தெரியும்த்தா. ரெண்டே கிலோமீட்டர்தான்."

"அந்த ரெண்டு கிலோமீட்டரு வராதுண்ணே. எறங்கு. ஒரு எட்டு, இந்தப் பக்கம் காலை வையி."

வைரவன் முகம் வாடிப்போயிற்று. "எப்படித்தா எறங்குறது? இருவத்திரெண்டு பேருக்கும் நான்தான் செயின் மாட்டுறேன். நான் காலை ஊனுனா இவங்க அத்தன பேரும் ஊனணும். அப்பறம், பேரு எழுதிருக்காங்கல்ல. வைரவன்னு. இனிஷியலோட."

"தவசியண்ணன் மடியில குத்தப்போறாங்க."

இதைக் கேட்டதும் அவன் சைக்கிள் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடி நிமிர்ந்தது. கண் கலங்கியதை மறைக்க வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "என்கிட்டச் சொல்றத மலைகிட்டச் சொல்லு," என்றான். "அது நின்னா நான் வந்து நிக்கப்போறேன். தேங்கா ஒடச்சாங்க, கொட்டடிச்சாங்க, நத்தமேட்டுக்காரன் வெடியெல்லாம் போட்டான். அது நிக்கல. நான் என்னத்தா செய்யட்டும்?"

சுருளி ஓரமாக நின்றுவிட்டாள். கொட்டடித்தார்கள், வெடி போட்டார்கள். கூச்சப்படுகிற ஆளிடம் கொட்டடித்தால் எப்படி நிற்கும் என்று அவளுக்கு நினைப்பு ஓடியது. அவளை எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொன்னபோது வாத்தியார் பிரம்பால் மேஜையைத் தட்டித்தான் சொன்னார். அன்றைக்கு ஓடியவள்தான்.

வியாழக்கிழமை விடிந்தது. பந்தலில் பாட்டுப் போட்டார்கள். பொம்மிக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசி, பட்டுப்பாவாடை கட்டி வைத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஆசாரி வந்து ஊசியைத் துடைத்து வைத்தார். தவசி இஸ்திரி வேட்டியில் மணைமேல் உட்கார்ந்து மடியை ஒழுங்குபடுத்திக்கொண்டார். ஒன்பதரைக்கு எதிரே மலை திரும்பிக்கொண்டிருந்தது. டவர் வந்து போயிற்று, கோயில் படி வந்து போயிற்று. அடுத்து யானைப்பாறையும் கொடியும் வர வேண்டும். சைக்கிள்காரர்கள் வர அதற்குப் பின்னும் அரை மணியாகும்.

"புள்ளயக் குடுடி," என்றாள் நாச்சம்மா.

சுருளி கொடுக்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பந்தலை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டினாள். "எங்கடி போற?" என்று நாச்சம்மா பின்னாலேயே வந்தாள், நாச்சம்மா பின்னால் போஸ், போஸ் பின்னால் ஆசாரி ஊசியோடு, அவர் பின்னால் ஊர், கடைசியில் தவசி மடி கலையாமல் குனிந்தபடியே. முன்னூறு பேர் தன் பிடரியைப் பார்த்துக்கொண்டு வருவது சுருளிக்குத் தெரிந்தது. முன்னூறு எறும்பு. செருப்பு வாரைக் குனிந்து பார்க்கலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. காலில் செருப்பு இல்லை. ஓடைக்குள் இறங்கி, முழங்கால் தண்ணீரைத் தாண்டி, யானைப்பாறை எதிரே வந்தபோது பஸ்ஸில் ஏறுகிற மாதிரி காலைத் தூக்கி வைத்து ஏறிவிட்டாள். பாறை அவளையும் பொம்மியையும் கொடியையும் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. ஊர் ஓடைக்கரையோரமாகக் கூடவே நடந்தது.

சுருளி திரும்பினாள். முன்னூறு முகம். பொம்மியைத் தோளோடு இறுக்கிக்கொண்டாள்.

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கமாத் திரும்பிக்கங்க," என்றாள்.

அவள் இவ்வளவு பேருக்குக் கேட்கிறபடி பேசி ஊர் பார்த்ததில்லை. அதனாலேயே திரும்பிவிட்டது. முன்னூறு பேரும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி நடந்தார்கள். நாச்சம்மா திரும்ப மாட்டேன் என்று நின்றாள். தவசிதான், கல்யாணமான இருபது வருஷத்தில் முதல் தடவையாக, அவள் தோளைப் பிடித்துத் திருப்பி விட்டார்.

அதற்குப் பிறகு சுருளி மலையிடம் பேசியதை ஊர் பார்க்கவில்லை, காதால் கேட்டதுதான். மெதுவாகத்தான் பேசினாள். கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற அதே குரல்.

"அண்ணே. எனக்கும் அப்படித்தாண்ணே இருக்கும். பின்னாடி ஆளு வந்தா ஆகாது. ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. நான் நேத்து நல்லாப் பாத்தேன். அவங்க ஒன்னப் பாக்கவே இல்லண்ணே. பன்னெண்டு நாளா ஒன்னச் சுத்துறாங்க, ஒருத்தன்கூடத் தல நிமிந்து பாக்கல. ஒருத்தரு கடிகாரத்தப் பாக்குறாரு, மத்தவங்க முன்னாடி போறவன் சக்கரத்தப் பாக்குறாங்க. எங்கண்ணன் செயினப் பாக்குறான். ஒன் முதுகுல என்ன இருக்குன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. ஒன் பேரே பாதிப் பேருக்குத் தெரியாது. இவங்களுக்குப் போயி கூச்சப்படலாமா? புள்ளைக்குக் காது குத்தணும், நேரம் போகுது. கொஞ்சம் நில்லுண்ணே."

மலை இன்னும் ஒரு பத்தடி போயிற்று. கேட்டதை உறுதிப்படுத்திக்கொள்கிற மாதிரி. அப்புறம் நின்றது. டவர் மேலே ஒரு தரம் ஆடியது, கோயில் மணி தானாக அடித்தது, ஊரில் எல்லோர் போனும் ஒரே நேரத்தில் சிணுங்கியது. பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்த ஊர் நிற்கத் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தது.

ஆசாரி எழுந்து மணியைப் பார்த்தார். "பத்து அடிச்சிருச்சும்மா. பத்தரைக்குள்ள ஒரு காதாவது குத்தியாகணும். மாமன் வர்ற வரைக்கும் தாங்காது. மடிக்கு என்ன செய்ய?"

"இந்தா வந்துட்டாரு," என்று நாச்சம்மா தவசியைப் பிடித்து ஓடைக்குள் தள்ளினாள்.

சுருளி பாறையைத் தடவினாள். வெயிலில் மிதமாகச் சூடேறி, நடுவில் குழிந்து இருந்தது. "ஆசாரியாரே, இங்கனயே குத்துங்க," என்றாள். "அண்ணன்னு கூப்பிட்டுட்டேன். கூப்பிட்டதுக்கு அதுவும் நின்னுருச்சு. எனக்கு அண்ணன்னா புள்ளைக்கு மாமன்தானே. மதினி சொன்ன மொறதான்."

நாச்சம்மா முந்தானையை உதறிச் செருகினாள். தன் முறையை எந்த இடத்தில் தப்பு என்று சொல்வது. ஓடைத் தண்ணீரில் முழங்கால் வரை நின்ற தவசி, "மொற சரிதான்," என்றார். அவர் குரல் இப்படி இருக்கும் என்று பாதிப் பேருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொம்மியைப் பாறைக் குழியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி இடது காதில் சந்தனப் புள்ளி வைத்து ஊசியை இறக்கினார். பொம்மி வீறிட்ட வீறலில் மலை ஒரு நடுக்கம் நடுங்கியதை ஆசாரி சத்தியம் செய்து சொல்வார், ஆனால் பிடித்த பிடியை விடவில்லை, ஒரு நூல்கூட நகரவில்லை. கம்மல் வந்து சேராததால் பாறை இடுக்கிலிருந்த வேப்பங்கன்றில் ஒரு குச்சியை ஒடித்துச் செருகினார். மாமன் சீர் அதுதான் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

சைக்கிள்காரர்கள் அந்த இரண்டு கிலோமீட்டரையும் மிதித்துக் கொடிக்கு நேரே வந்து சேர்ந்தபோது மணி பத்து இருபது. ஒவ்வொருவராகக் காலைத் தரையில் ஊன்றி, ஊன்றிய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். கேப்டன் கடிகாரத்தை அமுக்கி, "ஒரு சுற்று," என்று அறிவித்தார். வைரவன் மட்டும் உட்காராமல் தாவிக்கொண்டு ஓடையைக் கடந்து வந்தான். பூட்டுச் செருப்பு பாறையில் டக்கு டக்கென்று அடித்தது.

"ஒரு காதை மிச்சம் வச்சிருக்கியாத்தா?" என்று கேட்டான், கேட்கும்போதே அழுதான்.

"ஒனக்குத்தாண்ணே வச்சிருக்கேன்."

கம்மல் பையை எடுத்துக் கொடுத்துவிட்டு மடியைக் கூட்டி உட்கார்ந்தான். அங்கேதான் சிக்கல் வந்தது. உட்கார்ந்தும் அவன் கால் நிற்கவில்லை. பன்னிரண்டு நாள் மிதித்த கால் காற்றிலேயே மிதித்துக்கொண்டிருந்தது. இடது முழங்கால் மேலே வந்தால் வலது கீழே, வலது மேலே வந்தால் இடது கீழே. மடியில் இருந்த பொம்மி ஏறி இறங்கி ஏறி இறங்கி, அழுகையை விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். போஸ் ஒரு காலைப் பிடித்தான், தவசி இன்னொரு காலைப் பிடித்தார். பிடித்தவர்களையும் சேர்த்து மிதித்தது.

"நிப்பாட்டுப்பா," என்றார் ஆசாரி.

"நான் நிப்பாட்டிட்டேன், அது நிக்கலையே. நீங்க பாத்துக் குத்துங்க."

ஆசாரி நாற்பது வருஷமாகக் காது குத்துகிறவர். ஊசியை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு, காது மேலே வரும்போதெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று என்று வாய்க்குள் எண்ணிப் பார்த்தார். ஊர் அவரோடு சேர்ந்து எண்ணியது. பத்து இருபத்தெட்டுக்கு ஒரு தரம் காது வந்தபோது ஊசி உள்ளே போயிற்று. கொஞ்சம் மேலே போய்விட்டது.

வைரவனின் கால் ஞாயிற்றுக்கிழமைதான் நின்றது. மலை நின்றது நின்றதுதான். பழைய இடத்தைவிட நாற்பதடி தள்ளி நிற்கிறது. கிராம நிர்வாக அலுவலர் மறுபடி வந்து பார்த்து, வரைபடம் இப்போதும் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்.

பொம்மிக்குக் காது ஆறி, இரண்டு பக்கமும் கம்மல் போட்டதும் ஒன்று கீழேயும் ஒன்று அரை நெல் உயரத்தில் மேலேயும் நின்றன. ஒரு நாள் டவுனுக்குப் போகிற பஸ்ஸில் முன்சீட்டுக்காரி திரும்பிப் பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, "ஏம்மா, ரெண்டு காதும் சமமா இல்லையே, யாரு குத்துனது?" என்று கேட்டாள். சுருளி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். அந்தப் பக்கம் பார்த்தபடியே பதில் சொன்னாள்.

"எடது காது பெரிய மாமன் மடியில குத்துனது அக்கா, அவரு அசையல. வலது காது சின்ன மாமன். அவரு சைக்கிள்ல வந்தாரு."